வாங்குவோர்க்கும் வினையுண்டோ?

கொல்பவனுக்குக் குற்றமுண்டு. களவாடுபவனுக்குக் குற்றமுண்டு. பொய்யான அளவையால் விற்பவனுக்கும் குற்றமுண்டு. இவற்றை எந்தச் சமயத்தாரும் மறுப்பதில்லை. ஆனால், விலை கொடுத்து ஒரு பொருளை வாங்குகின்றவனுக்கு, அப்பொருள் உண்டான வழியில் நிகழ்ந்த தீமையில் பங்குண்டா என்று வினவினால், நம்மிற் பலர் விடை கூறத் தயங்குவர். "கேட்ட விலையைக் கொடுத்தேன், பொருளைப் பெற்றேன், கணக்குத் தீர்ந்தது" என்பதே கடைத்தெருவில் வழங்கும் நீதி. இந்நீதி போதுமானதா என்பதை ஈண்டு ஆராய்வோம். ஆராய்ச்சி வெறும் சொல்லளவில் நின்றுவிடாதிருக்கும் பொருட்டு, எல்லோர் இல்லத்திலும் உள்ள ஒரு பொருளை, நாம் உடுக்கும் துணியை, எடுத்துக்கொள்வோம்.

பண்டை அறநூல்கள் வாணிகத்தைக் குறித்துப் பேசும்போது பெரும்பாலும் விற்பவனை நோக்கியே பேசின. காவிரிப்பூம்பட்டினத்து வணிகரின் நடுவுநிலைமையைப் பட்டினப்பாலை புகழ்கின்றது. வள்ளுவர் வணிகர்க்குரிய அறத்தை நடுவுநிலைமை என்னும் அதிகாரத்தின் இறுதியில் வைத்தார். பகவன் புத்தரும் இல்லறத்தார் விலக்கவேண்டிய வாணிகங்கள் ஐந்து என்றார். ஆயுதம், உயிர்கள், இறைச்சி, மது, நஞ்சு என்பனவற்றை விற்றுப் பிழைத்தல் நல்வாழ்க்கை ஆகாது என்பது அவர் போதனை. வாங்குபவனைக் குறித்து இத்துணை விரிவாக யாரும் கூறாதது ஏன்?

அக்காலத்தில் வாங்குபவனுக்கும் செய்தவனுக்கும் இடையே தொலைவு குறைவு. துணி நெய்தவனின் தறி அடுத்த தெருவில் ஓடியது. சாயம் தோய்த்த நீர் எந்த வாய்க்காலிற் கலந்தது என்பதை ஊரார் கண்ணாற் கண்டனர். நெய்தவன் வீட்டில் அடுப்பு எரிந்ததா இல்லையா என்பதும் மறைபொருளன்று. இதனால் அக்காலத்தில் கொடுமையே இல்லை என்று நாம் கூறவில்லை. உழைத்தவனைத் தீண்டத்தகாதவன் என்று ஒதுக்கிவிட்டு அவன் உழைப்பை மட்டும் தீண்டிய சமுதாயம் நம்முடையது. கண்டும் இரங்காத நெஞ்சு அன்றும் இருந்தது. எனினும், காணவில்லை, அறியேன் என்று சொல்லித் தப்பும் வழி அன்று இல்லை. இன்று அவ்வழி அகலத் திறந்து கிடக்கின்றது.

இன்று ஓர் அரைக்கைச் சட்டையின் வரலாற்றை நோக்குவோம். அதற்கு வேண்டிய பஞ்சை விளைவிக்க ஏறத்தாழ 2,700 லிட்டர் நீர் தேவைப்படும் என்று மதிப்பிட்டுள்ளனர். ஒருவர் இரண்டரை ஆண்டுகளுக்கும் மேலாகப் பருகக்கூடிய நீர் அது. பஞ்சு விளைவது ஓரிடம், நூலாவது வேறிடம், பின்னலும் சாயமும் மற்றோரிடம், தையல் இன்னோரிடம், விற்பனை கடல் கடந்த ஒரு நகரம். இத்தனை கைகள் மாறி வந்த சட்டையில் எந்தக் கையின் சுவடும் தெரிவதில்லை. தெரிவது விலைச்சீட்டு ஒன்றே.

அச்சீட்டில் எழுதப்படாத செலவு ஒன்று உண்டு. அதனை நொய்யல் ஆறு அறியும். மேற்குத் தொடர்ச்சி மலையில் வெள்ளியங்கிரிச் சாரலில் தோன்றி, கோயம்புத்தூர், திருப்பூர் வழியாக ஓடிக் கரூர் மாவட்டத்தில் காவிரியோடு கலக்கும் ஆறு அது. திருப்பூரின் பின்னலாடைத் தொழில் பல்கிப் பெருகியபோது, சாயப்பட்டறைகளின் உப்பும் நிறமும் அவ்வாற்றிற் கலந்தன. ஆற்றின் கீழ்ப்பகுதியில் ஒரத்துப்பாளையத்தில் 1992-ஆம் ஆண்டில் பாசனத்திற்கென ஓர் அணை எழுந்தது. சில ஆண்டுகளுக்குள் அது சாயக்கழிவு தேங்கும் குட்டையாயிற்று. அணையைத் திறந்து நீர் விடுங்கள் என்று வேண்டுவதே உழவர் வழக்கம். இங்கோ, இந்நீரை எங்கள் வயல்மேல் விடாதீர்கள் என்று உழவர்கள் முறையிட்டனர். வழக்கு நீண்டது. 2011-ஆம் ஆண்டு ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம், கழிவுநீர் ஒரு துளியும் வெளியேறாத நிலையை எய்தும்வரை சாயப்பட்டறைகளை மூடுமாறு ஆணையிட்டது.

மலிவாகக் கிடைத்த பனியனின் விலையில் ஒரு பகுதியை அவ்வுழவர்கள் செலுத்தினார்கள் என்பதே இதன் பொருள். அவர்களுடைய கிணறும் தென்னையும் கால்நடையும் அதற்கு ஈடாயின. வாங்கியவர்கள் அவர்களை அறியார். அவர்களும் வாங்கியவர்களை அறியார்.

நீர் மட்டுமன்று, மாந்தரும் இவ்வாறே மறைந்து நிற்கின்றனர். தமிழ்நாட்டு நூற்பாலைகள் சிலவற்றில், ஏழைப் பெண்களை மூன்று ஆண்டுகள் வேலைக்கு அமர்த்தி, முடிவில் திருமணச் செலவுக்காக ஒரு தொகை தருவதாகக் கூறிய ஏற்பாட்டிற்குச் 'சுமங்கலித் திட்டம்' என்பது பெயர். இடையில் நோயுற்று நின்றுவிட்டால் அத்தொகை கிட்டாது என்ற நிலைமையும், விடுதிக்குள் அடைபட்ட வாழ்வும் பின்னர் வெளிச்சத்திற்கு வந்தன. வங்காளதேசத்தில் தாக்கா நகரை அடுத்த சவாரில், 2013-ஆம் ஆண்டு ஏப்ரல் 24-ஆம் நாள், ராணா பிளாசா என்னும் எட்டு மாடிக் கட்டடம் இடிந்து வீழ்ந்து 1,134 பேர் மாண்டனர். முதல் நாளே சுவர்களில் வெடிப்புகள் காணப்பட்டன. கீழ்த்தளத்து வங்கி தன் ஊழியர்களை வெளியேற்றியது. ஆடை தைக்கும் தொழிலாளரோ மறுநாள் வேலைக்கு அழைக்கப்பட்டனர். வங்கி ஊழியர் உயிருக்கு இருந்த மதிப்பு தையல் தொழிலாளர் உயிருக்கு இல்லாமற்போனது.

இவற்றைக் கேட்டபின் எழும் முதல் மறுப்பு நம் தம்மத்திலிருந்தே எழக்கூடும். செயலின் தன்மையை எண்ணமே தீர்மானிக்கின்றது என்பது பௌத்தத்தின் அடிப்படை. ஆற்றைக் கெடுக்கவேண்டும் என்று எண்ணி ஒருவரும் சட்டை வாங்குவதில்லை. அன்றியும், தன்பொருட்டுக் கொல்லப்பட்டதாகக் காணாத, கேளாத, ஐயுறாத இறைச்சி பாத்திரத்தில் விழுந்தால் பிக்கு அதனை ஏற்கலாம் என்று பகவன் புத்தர் அனுமதித்துள்ளார் அல்லவா? அவ்வாறிருக்க, கடையில் தொங்கும் சட்டையைக் கண்டு நாம் ஏன் கலங்கவேண்டும் என்று கேட்பார் உளர்.

இம்மறுப்பு எளிதிற் தள்ளத்தக்கதன்று. ஆயினும் இதில் ஒரு வேற்றுமை மறைந்து கிடக்கின்றது. பிக்கு ஐயம் ஏற்பவர். எது இடப்படுகின்றதோ அதனை உண்பவர். அவர் தேர்ந்தெடுப்பதில்லை, விலை கொடுப்பதில்லை, நாளைக்கு இன்னது வேண்டும் என்று சொல்லிவிட்டு வருவதுமில்லை. வாங்குபவனோ தேர்ந்தெடுக்கின்றான், விலையும் கொடுக்கின்றான். அவன் கொடுக்கும் காசு, விற்றுப்போன பொருளைப் போன்ற மற்றொன்றைச் செய்துவை என்று ஆலைக்குச் செல்லும் கட்டளையாகும். ஆதலின் ஐயம் ஏற்பவர்க்கு வகுத்த விலக்கை, கட்டளை அனுப்புபவன் தனக்கு அரணாகக் கொள்ளல் பொருந்தாது.

கட்டளை அனுப்புபவரைப் பற்றி விநயத்தில் தனியே ஒரு நிகழ்ச்சி கூறப்பட்டுள்ளது. ஆளவி என்னும் ஊரில் சில பிக்குகள் பட்டுத் தொழிலாளரிடம் சென்று, தமக்குப் பட்டுக் கலந்த விரிப்பு வேண்டும், அதற்காகப் புழுக்கூடுகளை மிகுதியாக வேகவைத்துத் தாருங்கள் என்று கேட்டனர். தொழிலாளர் மனம் நொந்தனர். பெண்டு பிள்ளைகளைக் காப்பாற்றும் பொருட்டு இச்சிற்றுயிர்களைக் கொல்ல நேர்ந்தது தங்கள் தீவினையாக இருக்க, அத்தகைய நெருக்கடி ஏதுமில்லாத துறவிகள் இதனை ஏன் செய்விக்கின்றனர் என்று குறை கூறினர். செய்தி ததாகதரை எட்டியது. அவர் கடிந்தது கேட்ட பிக்குகளை. பட்டுக் கலந்த விரிப்பைச் செய்வித்துக்கொள்ளல் ஆகாது என்ற விதி அன்று பிறந்தது.

வறுமையாற் செய்பவனைவிட, வறுமை ஏதுமின்றிச் செய்விப்பவன் தன் செயலுக்கு மிகுதியாக விடை கூறவேண்டும் என்பது இந்நிகழ்ச்சியிலிருந்து நாம் பெறும் தெளிவு. அடுத்து, காணாமையும் கேளாமையும் நம்மைக் காப்பது நாம் உண்மையிலேயே காணாமலும் கேளாமலும் இருக்கும் வரையில்தான். நொய்யலையும் சவாரையும் செய்தித்தாள் நம் வாயிற்படிக்கே கொண்டுவந்து போட்டுவிட்டது. காண்பதற்கு அஞ்சிக் கண்ணை மூடிக்கொள்பவன் காணாதவன் ஆகான். கண்ணை மூடுதலும் ஓர் எண்ணமே; அவ்வெண்ணத்திற்கும் வினையுண்டு.

இரண்டாம் மறுப்பு உலகியலைச் சார்ந்தது. கோடிக்கணக்கானோர் வாங்கும் சந்தையில் ஒருவர் வாங்காதிருந்தால் ஆவதென்ன என்பது அது. வரலாறு இதற்கு விடை தருகின்றது. 1791-ஆம் ஆண்டில் அடிமை வாணிகத்தை ஒழிக்கும் மசோதாவைப் பிரிட்டிஷ் பாராளுமன்றம் தள்ளிவிட்டபோது, வாக்குரிமையற்ற பெண்கள் உட்பட இலட்சக்கணக்கானோர், அடிமைகள் விளைவித்த மேற்கிந்தியச் சர்க்கரையைத் தம் வீட்டினுள் விடுவதில்லை என்று உறுதிகொண்டனர். அவ்வுறுதி ஒன்றினாலேயே அடிமைத்தளை அறுந்துவிடவில்லை. வாணிகத்தைத் தடுக்கும் சட்டம் 1807-இல்தான் வந்தது. பிரிட்டிஷ் குடியேற்றங்களில் அடிமைமுறையை ஒழிக்கும் சட்டம் 1833-இல் வந்தது. எனினும், தேநீர்க் கோப்பையும் அடிமையின் முதுகும் தொடர்புடையவை என்ற அறிவு அவ்வீடுகளில் வேரூன்றிய பின்னரே சட்டம் செய்வோரின் காது திறந்தது.

நம் நாட்டிலும் எடுத்துக்காட்டு உண்டு. உத்தரப் பிரதேசத்தின் மிர்சாபூர், பதோஹி வட்டாரங்களில் கம்பளத் தறிகளில் சிறுவர்கள் அமர்த்தப்பட்ட கொடுமையை எதிர்த்து, கைலாஷ் சத்யார்த்தி முதலியோரின் முயற்சியால் 1994-ஆம் ஆண்டில் ரக்மார்க் என்னும் முத்திரை தோன்றியது. சிறுவர் உழைப்பின்றி நெய்யப்பட்டது என்பதற்கு அது அடையாளம். இப்போது குட்வீவ் என வழங்குகின்றது. அதற்கு முன்னரே, 1988-இல், மெக்சிகோ நாட்டுச் சிறு உழவர்களின் காப்பிக்கொட்டைக்கு நியாய விலை கிடைக்கும் பொருட்டு நெதர்லாந்தில் ஒரு முத்திரை வழக்கிற்கு வந்தது. சந்தை வீழ்ந்தாலும் உழவனுக்குத் தரும் விலை ஒரு வரம்பிற்குக் கீழே போகலாகாது. அதற்குமேல் ஒரு சிறு தொகை ஊர்ப் பொதுநலத்திற்குச் செல்லவேண்டும். இவையே 'நியாய வாணிகம்' என்று இன்று கூறப்படுவதன் சாரம். தேயிலை, காப்பி, பருத்தி ஆகியவற்றில் இம்முத்திரை தாங்கியவை இந்தியாவிலும் விளைகின்றன.

முத்திரையைக் கண்டவுடன் ஆராய்ச்சி முடிந்தது என்று எண்ணலாகாது. ராணா பிளாசாவிலிருந்த ஆலைகளிற் சில, இடிந்து விழுவதற்கு முன்னரே வெளியார் தணிக்கைக்கு உட்பட்டவை. கட்டடத்தின் வெடிப்பை அத்தணிக்கை தடுக்கவில்லை. உலகெங்கும் வாங்குவோரும் தொழிற்சங்கத்தாரும் எழுப்பிய கேள்வியின் பின்னரே, 2013 மே மாதத்தில், ஆலைகளின் பாதுகாப்புக் குறித்துச் சட்டப்படி கட்டுப்படுத்தும் ஓர் உடன்பாட்டில் பெருநிறுவனங்கள் கையொப்பமிட்டன. முத்திரை ஒரு கைகாட்டி மரம். வழி நடப்பது நம் கால்களே.

இனி மூன்றாம் மறுப்பு. நல்வழியிற் செய்த பொருளுக்கு விலை அதிகம். ஏழை என்ன செய்வான் என்பது அது. மூன்று மறுப்புகளிலும் இதுவே மனச்சான்றுடையது. அரைவயிறு உண்பவனிடம் சென்று மலிவான சட்டையை வாங்காதே என்று கூறுதல் அறமன்று, ஆணவம். இந்தக் கடமையின் பளு வாங்கும் வசதிக்கு ஏற்பவே ஏறும். தேவைக்காக ஒரு சட்டை வாங்குபவனைவிட, பொழுதுபோக்காகப் பத்து வாங்குபவனே முதலில் சிந்திக்கக் கடமைப்பட்டவன். அன்றியும், நல்வழியில் வாங்குதல் என்றால் விலையுயர்ந்ததை வாங்குதல் என்று பொருளன்று. குறைவாக வாங்குதலும், வாங்கியதை நீண்டநாள் உழைக்கச் செய்தலும் ஏழைக்கும் இயலும். உண்மையில், அவற்றை நமக்குக் கற்பித்தவர்களே ஏழை வீட்டுத் தாய்மார்கள்தாம்.

கௌசாம்பியில் உதேனன் என்னும் மன்னனின் தேவியர் ஆனந்த தேரருக்கு ஐந்நூறு ஆடைகள் அளித்தனர். இத்தனையும் இவருக்கு எதற்கு என்று ஐயுற்ற மன்னன் வினவியபோது தேரர் கூறிய விடையை விநயம் பாதுகாத்துள்ளது. ஆடை நைந்த பிக்குகளுக்கு அவை பங்கிடப்படும். அவர்கள் கழித்த பழைய ஆடைகள் மேல்விரிப்பாகும். பழைய மேல்விரிப்பு மெத்தை உறையாகும். பழைய உறை தரைவிரிப்பாகும். அதுவும் பழையதானால் கால்துடைக்கும் துணியாகும். பின்னர்த் தூசு தட்டும் துணியாகும். இறுதியில் கந்தலை நறுக்கிக் களிமண்ணோடு பிசைந்து தரை மெழுகுவார்கள். ஒரு நூலிழையும் வீணாவதில்லை என்று அறிந்த மன்னன் மேலும் ஐந்நூறு ஆடைகள் வழங்கினான். இவ்விடையில் உழவனின் நீரும் நெய்தவனின் உழைப்பும் ஒருங்கே மதிக்கப்பட்டுள்ளன.

இன்னொரு நுட்பத்தையும் கூறாமல் விடலாகாது. தீமை நிகழ்ந்த இடத்திலிருந்து வாங்குவதை அறவே நிறுத்திவிடுதல் எப்போதும் நன்மையாகாது. சாயப்பட்டறைகள் மூடப்பட்டபோது முதலில் வேலையிழந்தவர்கள் அன்றாடக் கூலிகள். ஆகவே விலகி ஓடுதலைவிட, திருந்தியவரை ஆதரித்தல் மேலானது. கழிவுநீரைத் தூய்மை செய்து, நீரையும் உப்பையும் மீட்டு மறுபடியும் பயன்படுத்தும் நிலையங்களைத் திருப்பூர்ப் பட்டறைகள் பல அமைத்தன. அதற்கு ஆகும் செலவு துணியின் விலையில் ஏறும். அவ்வேற்றத்தைத் தர மறுத்து, கழிவை ஒளித்து விடுபவனிடம் மலிவாக வாங்கினால், திருந்தியவனைத் தண்டிப்பவர்கள் நாமே ஆவோம். மாசு செய்தவரே ஈடு செய்யவேண்டும் என்ற நெறியை, வேலூர் வட்டாரத் தோல் தொழிற்சாலைகளாற் பாலாறு கெட்ட வழக்கில், 1996-ஆம் ஆண்டில் உச்சநீதிமன்றம் நிலைநாட்டியது. சட்டத்தின் கடமையைத் தனிமனிதர் தலையிற் கட்டிவிட்டு அரசு ஒதுங்கலாகாது. அதுபோலவே, சட்டம் இருக்கின்றது என்று சொல்லித் தனிமனிதரும் ஒதுங்கலாகாது.

அன்றாடம் நாம் செய்யத்தக்கவை யாவை? பெரிய துறவு ஒன்றும் வேண்டுவதில்லை. புதிய துணி எடுப்பதற்கு முன் பெட்டியில் இருப்பதை எண்ணிப் பார்த்தல் ஒன்று. கிழிந்ததைத் தைப்பித்தல் மற்றொன்று. தெருமுனைத் தையற்காரருக்கு அது கூலியுமாகும். கைத்தறி வாங்கும்போது, 2006-ஆம் ஆண்டு முதல் வழங்கிவரும் கைத்தறி முத்திரையை நோக்கி வாங்கலாம். 2019-20-ஆம் ஆண்டின் கைத்தறிக் கணக்கெடுப்பின்படி நாட்டில் ஏறத்தாழ 35 இலட்சம் கைத்தறித் தொழிலாளர் உளர். அவர்களிற் பெரும்பாலான குடும்பங்களின் மாத வருவாய் 5,000 ரூபாய்க்கும் குறைவு. விசைத்தறித் துணியைக் கைத்தறி என்று விற்பவரிடம் ஏமாந்தால் அவ்வருவாய் மேலும் குறையும். 1935-இல் தொடங்கிய கோ-ஆப்டெக்ஸ் போன்ற கூட்டுறவு விற்பனை நிலையங்கள் நம் ஊர்களில் உள்ளன. திருமணத்திற்குப் பட்டுத்தான் வேண்டுமென்பார், அந்துப்பூச்சி வெளியேறிய பின் நூற்ற பட்டையோ நல்ல பருத்தியையோ எண்ணிப் பார்க்கலாம். ஆளவித் தொழிலாளரின் முறையீடு இன்றும் காலங்கடந்ததன்று.

கடைக்குப் போகும்போது துணிப்பை எடுத்துச் செல்லல் சிறு செயலே. ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி முதலும், அவற்றுட் குறிப்பிட்ட சிலவற்றிற்கு நாடு முழுவதும் 2022 ஜூலை முதலும் தடை உண்டு. 2021 டிசம்பரில் தமிழ்நாட்டு அரசு மஞ்சப்பையை மீட்டெடுக்கும் இயக்கத்தையும் தொடங்கியது. பட்டிக்காட்டான் என்று நகைப்பதற்கு ஒரு காலத்தில் அடையாளமாயிருந்த மஞ்சப்பை, இன்று அறிவுடைமைக்கு அடையாளமாகியுள்ளது.

நியாய வாணிகத்திற்குக் கடல் கடந்த முத்திரையைத் தேடுமுன் நம் வாசலையும் நோக்கவேண்டும். விலைச்சீட்டு ஒட்டிய பெருங்கடையில் வாய் திறவாமற் பணம் கொடுப்பவர், வெயிலிற் கூடை சுமந்து வரும் கீரைக்காரம்மாவிடம் இரண்டு ரூபாய்க்கு வழக்காடுவதைக் காண்கின்றோம். நம் சங்கங்களும் இதற்குப் புறம்பானவையல்ல. வைசாக பௌர்ணமி விழாவிற்குக் கட்டும் பிளாஸ்டிக் பதாகைகள் மறுநாள் குப்பையாகின்றன. துணியில் எழுதிய பதாகை பல ஆண்டுகள் உழைக்கும், எழுதுபவருக்கும் கூலி கிடைக்கும். பிக்குகளுக்குச் சீவரம் அளிப்போர் அத்துணி எவ்வாறு உண்டாயிற்று என்று கேட்டு வாங்கினால் தானத்தின் தூய்மை மிகும்.

இவற்றைச் செய்தமைக்காகப் பெருமிதம் கொள்ளவும் வேண்டா. செய்ய இயலாத நாளில் மனம் புழுங்கவும் வேண்டா. குற்ற உணர்ச்சி சிலநாளில் சலித்துப்போகும். கருத்துடைமை பழகப் பழக வலுப்பெறும். அடுத்த முறை துணிக்கடைக்குச் செல்லும்போது, இது எங்கே நெய்யப்பட்டது, சாயநீர் எங்கே சென்றது, தைத்தவர்க்கு என்ன கூலி என்று கடைக்காரரைக் கேட்போம். அவர் விடை அறியாதிருக்கலாம். அறியாதது அவர் குற்றமுமன்று. ஆனால் மாலைக்குள் இன்னும் மூவர் அவ்வாறே கேட்பாராயின், மறுவாரம் சரக்கு எடுக்கச் செல்லுமிடத்தில் அக்கேள்வியை அவரே கேட்கத் தொடங்குவார்.